உலு லங்காட் மலைப்பாதையில் கயலை விட்டுவந்த சனிக்கிழமை

சனிக்கிழமை, காலை 5.50. கிள்ளான் ரயில் நிலையத்தில் நானும் என் மகள் கயல்விழியும் நின்றிருந்தோம். அவள் முதுகில் ஒன்பது கிலோ பை. என் தோளில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான துணிப்பை. முந்தின நாள் மாலையே இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்திருந்தேன். "கப்பல்லயா ஏத்தப் போறீங்க?" என்று கயல் கேட்டாள். நான் எடையைக் குறித்துக்கொண்டேன்.

நாங்கள் போகும் இடம் உலு லங்காட்டில் பதினெட்டாவது மைல்கல்லான பதினெட்டாங்கட்டையைத் தாண்டி இருக்கும் ஒரு சிறிய மலை. மழையில் அரித்துப்போன நடைபாதையைத் தன்னார்வலர் குழு ஒன்று பள்ளி விடுமுறையில் சரிசெய்கிறது. எட்டு நாள் வேலை. சம்பளம் கிடையாது. தங்குவது கம்பத்து, அதாவது கிராமத்துப் பொதுமண்டபத்தில். பதினாறு வயது நிரம்பியிருக்கவேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். முதல் நாள் மட்டும் பெற்றோரும் மாலை வரை கூடவே வேலை செய்யலாம்.

அறிவிப்பைக் கண்டுபிடித்தவள் கயல்தான். பள்ளியில் நாலாம் படிவம் முடிந்த வாரம் அதை அச்செடுத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். இரண்டு வாரம் அது அங்கே இருந்தது. மூன்றாம் வாரம் காணவில்லை. கேட்டால், "வேணாம்பா. ஒரே அட்டைக் கடி" என்றாள். இரண்டு நாள் கழித்து அடிக்கோல் தேடி அவளுடைய இரசாயனப் புத்தகத்தைத் திறந்தபோது விண்ணப்பப் படிவம் நான்காக மடிந்து உள்ளே கிடந்தது. எல்லாக் கட்டங்களும் அவள் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. என் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

காரணம் எனக்குத் தெரியும். என் மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதே ஆண்டு எனக்கு இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, இன்சுலின் ஊசி ஆரம்பித்தது. காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஏழுக்கு ஒன்று. பள்ளிக்குப் புறப்படுமுன் என் விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பவள் கயல். மாலையில் நான் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் தொலைபேசியில் அழைப்பவளும் அவள்தான். இந்த ஊசி விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே பக்கத்து மேசைக்காரருக்குக்கூடத் தெரியாது.

படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு அவளிடம் சொன்னேன்: "சனிக்கிழம போய்ப் பாப்போம்மா. பிடிக்கலன்னா சாயங்காலம் என்கூடவே திரும்பிடு." அவள் உடனே சம்மதித்தாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததுதான் எனக்குக் கவலை. மாலையில் திரும்புவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

6.55. கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தோம். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. பூக்கடைகளில் முதல் கட்டு மல்லிகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சரியாக 7.00 மணிக்கு ஓர் உணவகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, சட்டைக்குள் கையை விட்டு, 22 யூனிட் போட்டுக்கொண்டேன். மூன்று ஆண்டுகளாக அதே 22. வாரநாள், ஞாயிறு, தீபாவளி எதுவானாலும் மாற்றியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

7.30க்கு இரண்டு தோசை, சீனியும் பாலும் இல்லாத தேநீர், தே-ஓ கோசோங். கயலுக்கு இட்லியும் மைலோவும். பரிமாறியவர் புதுக்கோட்டைக்காரர், வந்து ஏழு மாதம் ஆகிறதாம். கயலின் பையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கு சார் பயணம்?" என்றார். மலைப்பாதை போடப் போகிறோம் என்றேன்.

"காண்ட்ராக்டா சார்?"

"இல்ல. சும்மா. சம்பளம் இல்லாம."

அவர் கயலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப ஒரு வடை சேத்துச் சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லி, கேட்காமலே அவள் இலையில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பில்லில் அந்த வடை இல்லை. மொத்தம் 14 ரிங்கிட் 20 சென்.

8.05. மியூசியம் நெகாரா நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. ரயில். காஜாங் கடைசி நிறுத்தம். சுமார் ஐம்பது நிமிடம். முதலில் சுரங்கம், பிறகு திடீரென்று உயரமான பாலம். இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், துணி காயும் பால்கனிகள், தொலைவில் நீல மலை வரிசை. கயல் கண்ணாடியில் நெற்றியை வைத்து அந்த மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் மலை வலப்புறமிருந்து இடப்புறம் போகும்போது அவளும் இடம் மாறி உட்கார்ந்தாள். பிடிக்கவில்லை என்று சொல்லப்போகிறவள் இப்படி இடம் மாறி உட்காரமாட்டாள்.

9.00. காஜாங்கிலிருந்து கிராப் வாடகைக் கார். 21 கிலோமீட்டர், 26 ரிங்கிட். ஓட்டுநர் தமிழர், அறுபதை நெருங்கியவர். போகும் இடத்தைக் கைப்பேசியில் பார்த்ததும் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, பாப்பாவ மட்டும் விட்டுட்டா வரப்போறீங்க? எட்டு நாளா?"

"ஆமாங்க."

"என் மக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனப்ப, பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து மூணு நாளு நான் காய்ச்சல்ல படுத்துட்டேன் லா. அவ ஜாலியா இருக்கா. எனக்குத்தான் பானடோல்."

கயல் சிரித்தாள். "எங்கப்பாவும் அப்படித்தான் அங்கிள். ஆனா காய்ச்சல் எத்தன டிகிரி, எத்தன மணிக்குன்னு எழுதி வைப்பாரு."

"எழுதி வச்சா நல்லது லா. எங்க வீட்டுல எனக்குக் காய்ச்சல்னா நம்பவே மாட்டாங்க!"

பதினான்காங்கட்டையில் காலைச் சந்தை. டுரியான் வாசனை காருக்குள் வந்தது. அதன்பிறகு சாலை ஒடுங்கியது. ஆறு ஒரு பக்கம், ரப்பர் மரங்கள் ஒரு பக்கம். 9.40க்கு மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, "பாப்பா, கை காலு பத்திரம். அண்ணே, நீங்க பானடோல் வாங்கி வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

குழுவின் தலைவி சாந்தி என்ற பெண்மணி. நாற்பத்தெட்டு வயது, வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். முழங்கால் வரை ரப்பர் காலணி, கழுத்தில் ஊதல். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். வந்திருந்தவர்களை எண்ணினேன்: பெற்றோரையும் சேர்த்து இருபத்தொரு பேர். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். சாந்தி மலாயில் ஒருமுறை, எங்களுக்காகத் தமிழில் ஒருமுறை விதிகளைச் சொன்னார்.

"சங்குல் வெட்டுறவங்க பக்கத்துல போவக்கூடாது. நின்னு, அவங்க நிறுத்தி உங்க மூஞ்சப் பாத்த பெறவுதான் தாண்டணும். பை எல்லாம் இங்க கீழ. மேல தண்ணி மட்டும். அப்புறம், கல்லு வரிசை."

சங்குல் என்பது மண்வெட்டி. கல் வரிசை பற்றி அங்கே போகாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பாதை அரித்த இடம் மேலே, கல் கிடைக்கும் ஓடை கீழே. யாரும் கல்லைச் சுமந்துகொண்டு ஏறுவதில்லை. ஓடையிலிருந்து மேலே வரை ஆட்கள் கை எட்டும் தூரத்தில் நின்று, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கல்லை மாற்றுகிறார்கள். யாருக்காவது களைப்பு, தாகம், கழிப்பறை, எதுவாக இருந்தாலும் "லுபாங்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விலகலாம். மலாயில் அதற்குப் பள்ளம் என்று பொருள். உடனே இரண்டு பக்கத்தவரும் அரை அடி நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்வார்கள். "ஏன், எதுக்குன்னு யாரும் கேக்கக்கூடாது. கேட்டா அன்னிக்குச் சட்டி கழுவுறது அவங்கதான்" என்றார் சாந்தி.

வழக்கமாக நான் காலை 10.30க்கு நான்கு பிஸ்கட் சாப்பிடுவேன். பிஸ்கட் துணிப்பையில் இருந்தது. பையைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தாகிவிட்டது. எடுத்துக்கொள்ளலாம் என்று குனிவதற்குள் எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். "ப்பா, பிஸ்கட் எடுத்தீங்களா?" என்று கயல் கேட்டாள். நான் சட்டைப் பையைத் தட்டித் தலையாட்டினேன். பையில் இருந்தது குறிப்பேடு மட்டும். மகளிடம் நான் சொன்ன பொய்களை எண்ணினால் மிகக் குறைவு, இது ஒன்று.

10.10. வரிசை தொடங்கியது. எனக்குக் கீழே லிம் என்ற ஓய்வுபெற்ற சீன ஆசிரியை, எல்லோரும் லிம் ஆன்டி என்றார்கள். கயல் எனக்கு மேலே ஐந்தாவது ஆள். கற்கள் தேங்காய் அளவிலிருந்து சோற்றுப்பானை அளவு வரை. முதல் பத்து நிமிடம் கை வலித்தது, பிறகு ஒரு தாளம் பிடித்தது. இடுப்பைத் திருப்பி வாங்கி, மறுபக்கம் திரும்பிக் கொடுக்கவேண்டும், கால் அசையக்கூடாது. மரங்களுக்கு நடுவே வெயில் வட்ட வட்டமாக விழுந்தது. ஓடையின் இரைச்சல். மேலே ஏதோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

11.05. மேலிருந்து சாந்தியின் குரல்: "யாருக்குக் கை நிதானம்? கல்லு பதிக்க ஒரு ஆளு!" யாரோ கயலைக் கை காட்டினார்கள். அவள் மேலே போனாள்.

நான் நின்ற இடத்திலிருந்து அவள் நன்றாகத் தெரிந்தாள். ஒரு கல்லை வைத்தாள், எடுத்தாள், திருப்பி வைத்தாள். அடியில் மண்ணை விரலால் தோண்டினாள். மறுபடி வைத்தாள். பிறகு அதன்மேல் ஏறி நின்றாள். கல் ஆடவில்லை. சாந்தியும் ஏறி நின்று பார்த்தார், குதித்தும் பார்த்தார். "இந்தப் படி நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறமும் இருக்கும் லா!" என்றார். கயல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மூன்று ஆண்டுகளாகப் பார்த்திருக்கவில்லை.

அதனால்தான் நான் விலகவில்லை. 11.20க்கே கை நடுங்க ஆரம்பித்தது எனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கும்போது வரும் குளிர்ந்த வியர்வை என்பதும் தெரியும். இறங்கிப் போனால் கயல் பார்ப்பாள், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள். ஒரு மணிக்குச் சாப்பாடு, அதுவரை தாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் ஒரு பிழை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாளுக்கான 22 யூனிட்டைக் கல் தூக்கும் நாளிலும் ஓர் அளவுகூடக் குறையாமல் போட்டுக்கொண்டவன் நான். ஒழுங்காக இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

11.45. லிம் ஆன்டி கொடுத்த கல் என் கையிலிருந்து நழுவி அவர் காலணிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"ஐயோ! அங்கிள், ஓகே ஆ?"

மேலேயிருந்து, "லுபாங்! லுபாங்!" என்று கயலின் குரல் இரண்டு முறை கேட்டது. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. பாதையின் ஓரமாகச் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள். என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, தன் காற்சட்டைப் பையிலிருந்து மூன்று இனிப்பு மிட்டாய்களை எடுத்து வாயில் போட்டாள். அதே பையிலிருந்து அளவு பார்க்கும் கருவியும் வந்தது. நான் சட்டைப் பையைத் தட்டியதை அவள் நம்பவேயில்லை.

3.2 என்று காட்டியது; நான்குக்குக் கீழே போகக்கூடாத எண் அது. பதினைந்து நிமிடம் கழித்து 4.6. எண் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

"சாயங்காலம் உங்ககூட வரேன். முடிஞ்சிது."

"வேணாம்மா. நான் பாத்துக்குவேன்."

"எப்படி? இப்பப் பாத்துக்கிட்டீங்களே, அப்படியா?"

நான் மிட்டாய்க் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஒரே ஒரு வார்த்தப்பா. லுபாங்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கலாம்ல? யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்கன்னு அந்த அக்கா அத்தன தடவ சொன்னாங்க."

"நான் போயிட்டா வரிசை நின்னுடும்னு..."

"எங்க நின்னுச்சு? பாருங்க."

பார்த்தேன். லிம் ஆன்டி ஒரு காலை முன்னே வைத்துக் கையை நீட்டியிருந்தார். எனக்கு மேலே நின்ற ஆள் ஓரடி கீழே இறங்கியிருந்தார். கற்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

"எட்டு நாளு நான் இங்க இருந்தா, வீட்டுல நீங்க விழுந்தா யாருக்குத் தெரியும்? சொல்லுங்க. ஒரு பேரு சொல்லுங்க, நான் இங்க இருக்கேன்."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன், மூடினேன்.

சாந்தி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். "அங்கிள், ஒரு மணி வரைக்கும் காத்திருக்க வேணாம். மொதல்ல சாப்புடுங்க." என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. தன் விதியைத் தானே மீறக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. கயலைப் பார்த்து, "பாப்பா, ராத்திரிக்குச் சோறு கணக்கு சொல்லணும். நீ ஒரு நாளா, எட்டு நாளா?" என்றார்.

கயல் என்னைப் பார்த்தாள். "அது அப்பா கையில இருக்குக்கா. அஞ்சு நிமிஷம் குடுங்க."

பிறகு என்னிடம், "அத்தைக்குப் போன் பண்ணுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல" என்றாள்.

அத்தை என்பது என் அக்கா ராஜேஸ்வரி. அறுபத்தொரு வயது, பிள்ளைகள் வெளியூரில், சுபாங் ஜெயாவில் தனியாக இருக்கிறார். என் மனைவியின் கருமாதி முடிந்த அன்று, இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டார். நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அழைக்கிறார். நல்லா இருக்கேன் என்று நான் சொல்கிறேன். சராசரியாக நான்கு நிமிடம்.

ஒரு பெரிய பாறையின்மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைத்தது. கயல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி? என்னடா, இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லயே?"

"அக்கா, எனக்கு இனிப்பு நீர். ஊசி போடுறேன். மூணு வருஷமா."

அக்காவின் குரல் ஓடைச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

"உனக்குப் பைத்தியமாடா? வாராவாரம் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு கிளிப்பிள்ள மாதிரி... அந்தச் சின்னப் புள்ள ஒண்டியாவா பாத்துச்சு?"

"ஆமாக்கா. இப்ப அவ எட்டு நாளு ஒரு வேலைக்காக மலையில இருக்கணும். அதான், உங்க வீட்டுல வந்து தங்கலாமான்னு கேக்க..."

"கேக்குறான் பாரு! எத்தன மணிக்கு ரயிலு?"

கயல் குனிந்து தொலைபேசியிடம் பேசினாள். "அத்தை, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரீடிங்கப் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பணும். அவரு வாயால சொன்னா நம்பாதீங்க, போட்டோ வேணும்."

"நீ யாருடி எனக்கு ஆர்டர் போடுற?" என்றார் அக்கா. பிறகு, "அனுப்புறேன்டா கண்ணு. நீ வேலையப் பாரு."

கயல் பாறையிலிருந்தே மேலே பார்த்துக் கத்தினாள்: "சாந்தி அக்கா! எட்டு நாளு!"

பிற்பகல் முழுவதும் நான் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து கையுறைகளை இடது வலது பிரித்து ஜோடி சேர்த்தேன். அளவை மாற்றுவது பற்றித் திங்கட்கிழமை கிளினிக்கில் கேட்கவேண்டும் என்று எழுதிக்கொண்டேன். மேலே கயல் பதித்த படிகள் மாலைக்குள் பதினொன்று ஆயின. போகுமுன் மெதுவாக ஏறி, ஒவ்வொன்றின் மேலும் நின்று பார்த்தேன். எட்டாவது படி மட்டும் லேசாக ஆடியது. சொன்னேன். "தெரியும். நாளைக்குச் சரி பண்றேன்" என்றாள். நாளைக்கு என்ற சொல்லை அவள் எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் என்பதை அவள் கவனிக்கவில்லை.

4.15. பெற்றோரைக் காஜாங்கில் கொண்டுவிடும் வேன் வந்தது. அளவுக் கருவியை என் கையில் கொடுத்து விரல்களை மூடினாள். அவள் உள்ளங்கையில் இரண்டு புதுக் கொப்புளங்கள். மண்டபத்திலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேன் லா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். வேன் பாலத்தைத் தாண்டும்வரை பின்கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தானே இத்தனை தூரம் வந்தோம்.

காஜாங் 5.00. கே.எல். சென்ட்ரல் 6.05. காலையில் வந்த அதே வழிதான்; பக்கத்து இருக்கை மட்டும் காலி. கிள்ளானில் எங்கள் வீடு 720 சதுர அடி. இத்தனை நாள் அதை இரண்டு பேருக்குப் போதுமான வீடு என்று நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை ஏறி நின்று பார்க்கும் அளவுக்கு அதில் உயரமான இடம் எதுவும் இல்லை. ஒழுங்கு நிறைய இருந்தது. அவளுக்கு அந்த ஒழுங்கு என்ன பாரமாக இருந்திருக்கும் என்பதை நான் எந்தத் தராசிலும் வைத்துப் பார்த்ததில்லை.

6.50. சுபாங் ஜெயா. கிள்ளானுக்கு இன்னும் ஐந்து நிலையம். கதவு திறந்தது, இறங்கினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டு உடையிலேயே நின்றிருந்தார். நான் வெளியே வந்ததும் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சோறு வடிச்சாச்சு" என்றார். பிறகு, "புள்ள அழுதாளா?"

"இல்லக்கா."

"நீ?"

ரயில் கிள்ளான் பக்கம் நகரத் தொடங்கியது.

"கொஞ்சம்" என்றேன்.